நாற்பதாம் நம்பர் நூல்

எழுபதுகளில், தெருவெல்லாம் தறிச் சத்தம் கேட்கும் அம்மாபேட்டையில், வீட்டு முன்னறையில் புத்தகக் கடை திறந்து 'நூல் நிலையம்' என்று பலகை மாட்டினார் அப்பா. வேண்டாமென்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கேட்டால்தானே?

முதல் நாளே ஒரு தறிக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"ஏனுங்க, நாப்பதாம் நம்பர் நூல் இருக்குதுங்களா?"

தறி நூலை அப்படி நம்பர் சொல்லித்தான் கேட்பார்கள். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அலமாரியைத் துழாவி, துப்பறியும் தொடர் ஒன்றின் நாற்பதாம் புத்தகத்தை எடுத்து நீட்டினார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கடியில் புகுந்துகொண்டேன். அவர் அட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அதே சைக்கிள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

"ஏனுங்க, நாப்பத்தொண்ணாம் நம்பர் நூல் இருக்குதுங்களா?"