மீன் அரண்மனையின் நாலாவது அத்தியாயம்

அக்காவைக் கொழும்புக்குக் கட்டிக்கொடுத்து, தூத்துக்குடியில கப்பலேத்தி விட்டப்ப எனக்குப் பதிமூணு வயசு. அதுக்கு முன்னாடியே நாங்க ரெண்டு பேரும் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுத ஆரம்பிச்சிருந்தோம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல குளிக்க இறங்கின ஒருத்தியை மீனெல்லாம் சேர்ந்து தங்க அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போயிரும். அவ எப்படிக் கரை சேருதாங்கிறதுதான் கதை. மிச்சத்தை மாத்தி மாத்தித் தபால்ல எழுதுறதா ஏற்பாடு.

எங்க வீட்டுல ஒரு வழக்கம். யாருக்கு வந்த கடுதாசியானாலும், சாயங்கால ஜெபம் முடிஞ்சதும் அப்பா எல்லாருக்கும் சத்தமா வாசிப்பார். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் குரல், தெருமுனை வரைக்கும் கேட்கும். அங்கன கொழும்புலயோ, அக்கா எழுதுறதை மாமியார் பார்த்துத்தான் தபால்ல சேர்ப்பாங்களாம். அதனால கடுதாசியில சுகம், சுகம்னுதான் இருக்கும். கதைத் தாளை மட்டும் ரெண்டு வீட்டுலயும் யாரும் சட்டை பண்ணல. அப்பா வாசிக்காமலே என் மடியில போட்டுருவார்.

நாலாவது அத்தியாயம் அக்காவோடது. அதுவரைக்கும் 'அவள் போனாள், அவள் பார்த்தாள்'னு நாங்க சொல்லிட்டு வந்த கதையை, திடீர்னு அந்தப் பொண்ணே சொல்ல ஆரம்பிச்சுட்டா. 'இந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் நான் உட்காருகிறேன். ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தலைக்கு மேலே தண்ணீர் தெரிகிறது, கரை தெரியவில்லை.' முந்தின அத்தியாயங்கள்ல வந்த பேசுற கெண்டை, முத்துக் கோபுரம், ஒண்ணையும் காணோம்.

எனக்கு வந்ததே கோவம்! அப்பாவோட சிவப்பு மையை எடுத்து, 'நான்' வந்த இடமெல்லாம் 'அவள்'னு ஆக்கினேன். 'வீட்டை' அடிச்சு 'அரண்மனை'ன்னு எழுதினேன். "கதை சொல்லுறது நாமதான்க்கா, அவ இல்ல. ஒழுங்கா எழுது"ன்னு ஓரத்துல ஒரு வரி. அந்தத் தாளையே திருப்பி அனுப்பிட்டேன். என்ன கித்தாப்பு பாருங்க!

ரெண்டு மாசம் கழிச்சு வேற தாள் வந்தது. அவள் சிரித்தாள், அவள் பாடினாள், அரண்மனையில் விருந்து. "இப்பத்தான் கதை மாதிரி இருக்கு"ன்னு பதில் போட்டேன். அதுக்கப்புறம் அக்கா கதை எழுதல. அடுத்த வருஷம், பிரசவத்துல இறந்துட்டதா தந்தி வந்தது. அப்பா சத்தமா வாசிக்க ஆரம்பிச்சார், முடிக்க முடியல.

பாவி, எனக்கு அப்புறந்தான் விளங்குச்சு. கதையை நானே முடிச்சு, அவளைக் கரையும் சேர்த்துட்டேன். அக்கா முதல்ல எழுதின நாலாவது அத்தியாயம் மட்டும் இல்லை. 'நான்'னு ஆரம்பிச்சு எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தாச்சு, என் குரல்தான் வருது. ஒரே ஒரு தரம் அவ குரலைக் கேட்கணும்னு மனசு கிடந்து அடிச்சுக்கிடுது. அந்தத் தாளை நான்தான் திருத்தி, கப்பலேத்தி அனுப்பிட்டேன்.