ஜமக்காளம் போர்த்திய எஞ்சின்: தாம்பரத்திலிருந்து ஊட்டிக்கு

வசந்தா, இந்த நோட்டை யாரிடமும் காட்டாதே. உன் அக்காவிடம்கூட வேண்டாம். படித்து முடித்ததும் என் பக்கங்களை மட்டும் கிழித்து, உங்கள் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடு. நம் வகுப்பில் லீவுக்கு ஊர் போய் வந்தவர்கள் எல்லாரும் நம் பயண நோட்டில் எழுதிவிட்டார்கள். நான் மட்டும்தான் பாக்கி. மாசக் கடைசியில் நீங்கள் காரில் கொடைக்கானல் போகப்போவதாகச் சொன்னாய். அங்கேயும் இதே குளிர்தான். அதனால்தான் பயந்துகொண்டே எழுதுகிறேன்.

சர்ச்சில் புது வருஷ ஆராதனை முடிந்த மறுநாள், ஜனவரி இரண்டாம் தேதி, விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். பெரியப்பா, பெரியம்மா, நான், டிரைவர் ஏழுமலை அண்ணா. சர்ச் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் ஊட்டி பார்த்துவிட்டார்கள், பெரியப்பா மட்டும் பார்க்கவில்லை. போனதற்கு அதுதான் காரணம். அப்பாவுக்கு வடக்கே ரயில்வே வேலை என்பதால் ஐந்து வருடமாகப் பெரியப்பா வீட்டில் தங்கித்தான் நான் படிக்கிறேன். அவர் கூப்பிட்டால் போக வேண்டும், பேசாதே என்றால் பேசக் கூடாது.

ஊரப்பாக்கம் தாண்டும்போதே முதல் சண்டை வந்தது. ஏழுமலை அண்ணா கோவளத்துக்காரர். அவர் அப்பா கட்டுமரத்தில் போகிறவர். கடலில் இறங்கும் முன்னால் அவர் அப்பா மரத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்து, கடைசியில் தொட்டுக் கும்பிடுவாராம். ஏழுமலை அண்ணாவும் அதே மாதிரிதான். தினமும் காலையில் பானட்டைத் திறந்து, ரேடியேட்டரில் தண்ணீர், எஞ்சினில் ஆயில், பெல்ட் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் ரேடியேட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மொத்தம் ஐந்து நிமிஷம். பெரியப்பாவின் கண்ணுக்கு அந்தக் கடைசி ஒரு நொடி மட்டும்தான் தெரியும். "என் வண்டியில விக்கிரக ஆராதனை எல்லாம் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது" என்று செங்கல்பட்டு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். ஏழுமலை அண்ணா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி "சரி சார்" என்றார்.

சேலத்துக்குப் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் கள்ளக்குறிச்சிப் பக்கம் சாலை மோசம், இடுப்பு போய்விட்டது. பவானியில் பெரியம்மா ஒரு ஜமக்காளம் வாங்கினாள். நீலமும் சிவப்பும் பட்டை போட்டது, பதினெட்டு ரூபாய். டிக்கியில் இடமில்லாததால் ஊட்டி வரைக்கும் அது என் மடியில்தான் வந்தது. அதனால் அதன் ஒவ்வொரு பட்டையும் எனக்கு மனப்பாடம். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

ராத்திரி மேட்டுப்பாளையத்தில் தங்கினோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு மலை ஏறினோம். குன்னூர் வழியாக ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். ஏழுமலை அண்ணா மூன்று இடத்தில் நிறுத்தி, எஞ்சினை ஆறவிட்டு, ஊற்றுத் தண்ணீர் பிடித்து ஊற்றினார். பழைய அம்பாசிடர், அதுவும் நாலு பேரையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு தடவைகூடப் பொங்காமல் ஏறியது. பத்தரைக்கு ஊட்டி. மீட்டரில் மொத்தம் ஐந்நூற்று இருபத்துநாலு கிலோமீட்டர்.

தங்கின விடுதியில் அறை வாடகை நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய். சாயங்காலம் அங்கிருந்த காவல்காரர் வந்து, இந்த வாரம் ராத்திரியில் தண்ணீர் உறைகிறது, வண்டியில் இருக்கிற தண்ணீரை இறக்கிவிடுங்கள் என்றார். ஏழுமலை அண்ணா உடனே எழுந்தார். பெரியப்பா விடவில்லை. தண்ணீரை இறக்குவதெல்லாம் லாரிக்காரன் வேலை, தன் வண்டிக்கு அது தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு கம்பளி போதவில்லை. ஜன்னல் இடுக்கை அடைக்க எழுந்தபோது, வெளியே டார்ச் வெளிச்சம் தெரிந்தது. குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு பெரியப்பா. கக்கத்தில் அந்த ஜமக்காளம். பானட்டைத் திறந்து, முன்பக்கக் கம்பிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அதை மடித்துத் திணித்தார். காய்ச்சல்காரக் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி ஓரமெல்லாம் சொருகி, மெதுவாக மூடினார். காவல்காரர் சொன்னது உள்ளே உறைத்திருக்கிறது, ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. எனக்குச் சிரிப்பாக வந்தது. அப்போது சிரித்ததை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

காலையில் தொட்டபெட்டாவில் சூரிய உதயம் பார்க்க ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். புல்லெல்லாம் உப்பு கொட்டின மாதிரி வெள்ளை. மூச்சு விட்டால் புகை. ஏழுமலை அண்ணா வழக்கம்போலப் பானட்டில் கை வைத்தார். பெரியப்பா கத்தினார்.

"பூஜை அப்புறம் பண்ணிக்கலாம். சூரியன் உனக்காக நிக்குமா? எடு வண்டிய."

"தண்ணி மட்டும் பாத்துக்கறேன் சார்."

"எடுன்னா எடு."

எடுத்தார். தான் உள்ளே என்ன வைத்தோம் என்பதே பெரியப்பாவுக்கு மறந்துபோயிருந்தது. முன்னாடியே எடுத்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கும்பிடுவதைத் தடுக்க வேண்டும் என்கிற ஒன்றுதான் அவர் மண்டையில்.

தொட்டபெட்டா ஊட்டியிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் முழுக்க ஏற்றம். ஐந்தாவது கிலோமீட்டரில் ஏதோ தீய்கிற நாற்றம். ஏழுமலை அண்ணா, "சூடு ஏறிகினு கீது சார், நிறுத்திப் பாக்கறேன்" என்றார். பெரியப்பா சிரித்தார். தண்ணீரே உறைகிற குளிரில் எஞ்சின் எங்கேயாவது சூடாகுமா, அது பனிப்புகை, போ என்றார். நானும் பெரியம்மாவும் பின்சீட்டில் பல் கிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், எதிரே பானட் இடுக்கிலிருந்து ஆவி வருகிறது. வெளியே பனி, உள்ளே உலை. இன்னும் ஒரு கிலோமீட்டர் போனதும் வண்டி தானாகவே நின்றுவிட்டது.

பானட்டைத் திறந்ததும் ஜமக்காளம். ஓரம் கருகி, நீலப் பட்டை பழுப்பாகியிருந்தது. காற்றே போகாமல் ரேடியேட்டரை மொத்தமாக அடைத்துக்கொண்டிருந்தது. ஏழுமலை அண்ணா அதை உருவி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அரை மணி ஆறட்டும், மூடியை இப்போது தொடக் கூடாது என்றார். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை, திறந்து தண்ணீர் ஊற்று என்றார். மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அண்ணா துணியைச் சுற்றித் திறந்தார். கொதிக்கிற தண்ணீர் பீறிட்டு வலது மணிக்கட்டு வெந்துபோயிற்று. அவர் கத்தவில்லை, வசந்தா. அப்படியே உட்கார்ந்து உறைபனிப் புல்லில் கையை வைத்துக்கொண்டார்.

பெரியப்பா கேட்டது என்ன தெரியுமா?

"இதை யார் உள்ளே வெச்சது?"

"நா வெக்கல சார்."

"அப்போ நானா வெச்சேன்?"

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஏழுமலை அண்ணா பெரியப்பாவையே பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. பெரியப்பாவுக்கும் அந்த நொடியில் ஞாபகம் வந்துவிட்டது. காது சிவந்ததை நான் பார்த்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் நாக்கும் உறைந்துவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது பொய். பயம். பள்ளிக்கூடம் நின்றுவிடும் என்கிற பயம்.

சூட்டில் எஞ்சின் கேஸ்கட் கருகிப் போய்விட்டதாக மெக்கானிக் சொன்னார். வண்டி நாலு நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. கட்டுப்போட்ட கையோடு, தாம்பரம் வரைக்கும் ஏழுமலை அண்ணாவையே ஓட்ட வைத்தார் பெரியப்பா. வீட்டு வாசலில் மூட்டைகளையெல்லாம் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அண்ணா என்னிடம் மட்டும், "நல்லா படி பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கேளம்பாக்கம் பஸ்ஸில் டிரைவர் வேலைக்கு அண்ணா விண்ணப்பித்திருக்கிறார். பஸ் முதலாளி பெரியப்பாவுக்குத் தெரிந்தவர், ஆள் எப்படி என்று கேட்டு எழுதியிருக்கிறார். பெரியப்பாவின் பதில் இப்போது என் மேஜையில் இருக்கிறது. "கவனமில்லாதவன், செய்த தவறை ஒப்புக்கொள்ளாதவன்" என்று இங்கிலீஷில். என் கையெழுத்து நன்றாக இருப்பதால் விடிவதற்குள் நான் அதைச் சுத்தமாக நகல் எடுத்துத் தர வேண்டுமாம். செய்த தவறை ஒப்புக்கொள்ளாதவன்! அதை என் கையாலேயே எழுத வேண்டுமாம்.

கடைசி மின்சார ரயில் போய் ரொம்ப நேரமாகிறது. நகல் எடுக்கவில்லை. நகலுக்குத் தந்த தாளில், ஊட்டியில் அன்றைக்கு ராத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்ததை மட்டும் எழுதி, என் பெயரைக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் நானே அதைப் பஸ் முதலாளி பேருக்குத் தபால் பெட்டியில் போடுவேன்.

உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் ராத்திரி ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிடச் சொல்லு, காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றட்டும். எதையாவது போர்த்தினால், போர்த்தினவரே கிளம்பும் முன் எடுக்க வேண்டும். குளிரில் எஞ்சின் சூடாகாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆவி வந்தால் உடனே நிறுத்தி அரை மணி காத்திரு, மூடியைத் தொடாதே. டிரைவர் பானட்டைத் திறந்தால், பார்த்து முடிக்கும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கும்பிட்டால் கும்பிடட்டும்.

முதல் பக்கத்தில் கிழித்துப் போடச் சொன்னேன் இல்லையா, வேண்டாம். வைத்துக்கொள். ஒருவேளை என் கடிதம் போய்ச் சேராவிட்டால், இந்த நோட்டை அந்தப் பஸ் முதலாளியிடமே காட்டு. உன் அக்காவிடமும்...

கதவைத் தட்டுகிறார்கள். பெரியப்பாவின் இருமல். நகல் ஆயிற்றா என்று கேட்கிறார். ஆகவில்லை என்று சொல்லப்போகிறேன். ஏன் என்று கேட்டால், இந்தத் தடவை நான் பயப்படாமல்...