வாரேன் என்று சொன்னது யார்

போன தடவை மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது எனக்கென்று ஒரு சாமான் வாங்கி வந்தான். தீப்பெட்டியைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான். பாட்டுப் பாடும், நாம் பேசினால் பதிந்து வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்லும். போனிலேயே இதெல்லாம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் நான் போனில் பாட்டுப் போடப் போனால் அது யாரையாவது கூப்பிட்டுவிடும். ஒருநாள் விடியற்காலையில் சம்பந்தியம்மாளைக் கூப்பிட்டுவிட்டது. அந்த அம்மாள் அந்தப் பக்கம் "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறுகிறாள், நான் இந்தப் பக்கம் பாட்டு வரவில்லையே என்று போனைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் மகன் இதை வாங்கினான்.

"இதுல யாரையும் கூப்பிட முடியாதும்மா. பயப்படாம அமுக்கு" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டு, விமானம் ஏறிவிட்டான்.

நானும் பயப்படாமல்தான் அமுக்கினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பத்தாம் வகுப்புத் தடியன்களுக்கு அல்ஜீப்ரா புகட்டியவள். இந்தச் சின்னச் சனியனிடம் என் பாச்சா பலிக்கவில்லை. பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி ஒரு பொத்தான் உண்டு. அதை மேலே தள்ளினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும் என்பது தெரியாமல், கெட்டுப்போய்விட்டது என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். இன்னொரு நாள் எதையோ எடுக்கும்போது கை பட்டிருக்கிறது போல. இழுப்பறைக்குள்ளிருந்து நாதஸ்வரம் கேட்கிறது. என் வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு, நமக்குப் பத்திரிகை வரவில்லையே என்று வருத்தப்பட்டார்.

பேச்சைப் பதிவது அதற்குப் பிறகு பிடிபட்டது. டாக்டர் சொல்வது வீட்டுக்கு வருவதற்குள் மறந்துபோகிறதே, அதைப் பதியலாம் என்று கொண்டுபோனேன். சர்க்கரை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? வீட்டில் வந்து போட்டுக் கேட்டால் டாக்டர் மூச்சே விடாமல் கடகடவென்று பேசித் தள்ளுகிறார். நேரில் நிறுத்தி நிதானமாகத்தானே பேசினார் என்று ஒரு சந்தேகம் வந்தது. வயதான காலத்தில் நமக்குத்தான் காது மந்தம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. அந்தச் சாமானுக்குப் பாட்டு வேறு, பேச்சு வேறு என்ற பேதமே கிடையாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கி, அது நினைத்த வரிசையில் போடும். ஒருநாள் காலையில் முருகன் பாட்டு முடிந்தது. அடுத்து என்ன சாமி வரப்போகிறது என்று பார்த்தால், "என்னய்யா முருங்கைக்காய் இது? இத வச்சுக் கெணத்துல தண்ணி எறைக்கவா?" என்று ஒரு பெண் குரல். பூஜையில் இருந்த என் வீட்டுக்காரர் மணியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"உங்கக்கா எப்பம் வந்தா?"

எனக்கு வந்ததே கோபம். அது அக்கா இல்லை, நான். கடைக்காரரிடம் பேசியபோது பைக்குள் இருந்து எப்படியோ பதிந்திருக்கிறது. போனில் எங்கள் இருவரையும் மாற்றி அழைக்காத சொந்தக்காரர் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால், அக்கா குரல் கட்டை, என் குரல் மெல்லிசு. இத்தனை காலமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த முருங்கைக்காயை அழிக்கவும் எனக்குத் தெரியவில்லை. எதையாவது அமுக்கப்போய் எல்லாம் போய்விட்டால்? அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா அப்போது ஸ்ரீவைகுண்டத்தில் தனியாக இருந்தாள். அத்தான் காலமான பிறகு தனிதான், பிள்ளையும் இல்லை. மழைக்காலத்தில் ஒருநாள் பின்கட்டில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், பால்காரி வந்து பார்க்கும்வரை ஈரத்திலேயே கிடந்திருக்கிறாள். எலும்பு முறியவில்லை, சாமி புண்ணியம். ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு வாய்ச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. அடுத்த தடவை பால்காரி வராத நேரமாக இருந்தால் என்ன செய்வது? எப்படியாவது அவளைப் பாளையங்கோட்டைக்கு, எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அக்காவிடம் ஒரு குணம். இன்றைக்கு ஒன்று சொல்வாள், நாளைக்கு "நான் எப்பம் சொன்னேன்?" என்பாள். என் மகன் கல்யாணத்துக்கு அரக்குக் கலரில் புடவை எடு என்றாள். எடுத்துக் கட்டிக்கொண்டு மண்டபத்தில் நிற்கிறேன், எல்லார் முன்னாலும் "ஏட்டி, இந்தக் கலரையா எடுத்த?" என்று கேட்கிறாள். நீதானே சொன்னாய் என்றால், "நான் எப்பம் சொன்னேன்?" சண்டை போடவும் முடியாது, சாட்சிக்கும் ஆளில்லை. அதனால்தான் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போனபோது அந்தச் சாமானையும் எடுத்துப்போனேன். கைப்பையின் வெளி உறையில் போட்டு, பதிகிற பொத்தானையும் அமுக்கிவிட்டேன். வருகிறேன் என்று ஒரு தரம் அவள் வாயால் சொல்லிவிட்டால் போதும். பிறகு எப்படி மாற்றுகிறாள் என்று பார்த்துவிடலாம்.

அக்கா காபி போட்டுக் கொடுத்தாள். பட்டாசல் என்று நாங்கள் சொல்கிற கூடத்தில் உட்கார்ந்தோம். பையை அவள் பக்கத்து நாற்காலியில், உறை அவளைப் பார்க்கிற மாதிரி வைத்தேன்.

"இங்கன ஒத்தையில கெடந்து என்னத்தச் சாதிக்கப்போற? விழுந்து கெடந்தா தூக்கிவிட ஒரு நாதி உண்டா?" என்றேன்.

"தங்கச்சி மாப்பிள்ள வீட்டுல போயி ஒக்காந்துட்டான்னு நாலு பேரு சொல்லணுமாக்கும்."

"அந்த நாலு பேரா வந்து உன்னத் தூக்குனாங்க?"

அக்கா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கூட வந்து இருக்கியா, மாட்டியா? அதச் சொல்லு."

பதில் இல்லை. தெருவில் யாரோ போனார்கள், வந்தார்கள். அவள் டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொறுமை என்பது கிடையாது. விருட்டென்று எழுந்தேன்; செருப்பை மாட்டிக்கொண்டு, வாரேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அது லேசான காரியமில்லை. ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது போகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டோம். போகிறவர் வாயிலும் வாரேன்தான். நான் எவ்வளவு கோபமாகப் போகிறேன் என்று அவளுக்கு உறைக்கட்டும் என்றுதான் அதைச் சொல்லவில்லை.

தெருமுனைக்குப் போன பிறகு பார்த்தால் கையில் பை இல்லை. கோபித்துக்கொண்டு போனவள் பைக்காகத் திரும்பி வருவதைப்போலக் கேவலம் உலகத்தில் வேறு இல்லை. அக்கா அடுக்களையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் காட்டாமல் பையை எடுத்துக்கொண்டு, பைய நழுவிவிட்டேன்.

மறுநாள் எரிச்சலோடுதான் அதைப் போட்டுக் கேட்டேன். என் கத்தல்தான் நிறைய இருந்தது. கடைசியில் "எங்கூட வந்து இருக்கியா, மாட்டியா? அதச் சொல்லு" என்கிறேன். உடனே, மூச்சுவிடுகிற நேரம்கூட இல்லாமல், பதில் வருகிறது:

"சரி, வாரேன்."

நான் அங்கேதானே உட்கார்ந்திருந்தேன்? என் காது எந்த ஊருக்குப் போயிருந்தது? திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்ட கையோடு சொல்லிவிடுகிறாள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன்.

"அதாம் வாரேன்னு சொல்லிட்டாள்லா? பொறவு ஏன் மூஞ்சியத் தூக்கிட்டு வந்த?" என்றார்.

அதுதானே! பாவி, அவள் சம்மதித்த பிறகா விருட்டென்று கிளம்பி வந்தேன்? அவள் என்ன நினைத்திருப்பாள்? ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் தலைகால் புரியாத சந்தோஷம். வேப்பமரம் பார்த்த அறையை ஒழித்தோம். வீட்டுக்காரர் யாரையும் தொடவிடாத தன் பழைய பேப்பர் கட்டுகளைத் தானே தூக்கிப் பரணில் போட்டார். கட்டிலை அவரே ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். நான் புதுத் தலையணை உறை மாட்டிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"சாமானெல்லாம் கட்டிட்டியாக்கா?"

"எந்தச் சாமான்?"

"நீதான வாரேன்னு சொன்ன?"

"நான் எப்பம் சொன்னேன்?"

வந்துவிட்டது பார், அந்த வார்த்தை! ஆனால் இந்தத் தடவை என்னிடம் சாட்சி இருக்கிறது. "இரு, நேர்ல வந்து போட்டுக் காட்டுதேன்" என்று வீறாப்பாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று மாலை மகன் கூப்பிட்டபோது இந்த வெற்றியைப் பெருமையாகச் சொன்னேன்.

"அம்மா, சத்தம் கேட்டா மட்டும் பதியுத மாதிரிலா அத வச்சுக் குடுத்திருக்கேன். பேசாத நேரத்த அது விட்டுரும். லேசான சத்தத்தையும் எடுக்காது. அடுத்து யாராவது பேசுனாத்தான் திரும்பத் தொடங்கும்."

"விட்டுரும்னா?"

"நீ கேட்டதுக்கும் அந்தப் பதிலுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் போச்சுன்னு அதுல தெரியாதும்மா."

டாக்டர் மூச்சுவிடாமல் பேசியது அப்போதுதான் விளங்கியது. அது விளங்கியதும் மற்றதெல்லாம் விளங்காமல் போய்விட்டது. அக்கா எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள் என்பதை முழுங்கிவிட்டு, எதையோ கொண்டுவந்து என் கேள்வியோடு ஒட்டவைத்திருக்கிறது. எதை?

வீட்டுக்காரர் மோவாயைத் தடவினார். "அப்பம் அது உன் குரல்லா? கெளம்பும்போது சொல்லியிருப்ப."

"நான் சொல்லவே இல்ல. அவ்வளவு கோவமா வந்தேன்."

"கோவம் உனக்குத்தான? வாய் அது பாட்டுக்குப் பழக்கத்துல சொல்லியிருக்கும்."

மறுபடி போட்டுக் கேட்டேன். அக்கா என்று நினைத்துக் கேட்டால் அக்கா. நான் என்று நினைத்துக் கேட்டால் நான். முருங்கைக்காயைப் போட்டு ஒத்துப் பார்த்தேன்; இன்னும் குழம்பியதுதான் மிச்சம். என் குரல் எனக்கே தெரியவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? கேள்வியும் கேட்டு, பதிலும் நானே சொல்லி, அதை நம்பிக் கட்டிலும் போட்டிருக்கிறேன் என்றால் என்னைப்போல் ஒரு கிறுக்கி உண்டா? அந்த அறைப் பக்கம் போகவே மனசு வரவில்லை.

இருந்தாலும் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அக்கா கை நீட்டினாள்.

"எங்கட்டி அந்தச் சாட்சி? போடு பாப்போம்."

போட்டேன். அக்கா அதைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். நான் ஏசியதையெல்லாம் முகம் மாறாமல் கேட்டாள். "சரி, வாரேன்" வந்ததும் என்னைப் பார்த்தாள்.

"இன்னொருக்கப் போடு."

என்னால் தாங்க முடியவில்லை. "அது நடுவுல பேசாத நேரத்த முழுங்கிருமாம்க்கா. நான் கெளம்பும்போது சொன்னதாக்கூட இருக்கும். எனக்கு ஒண்ணுமே வெளங்கல. நீ வாரேன்னு சொன்னதா நெனச்சு ரூமெல்லாம் ஒழிச்சுப் போட்டுட்டேன். நீ ஈரத்துல கெடந்தத நெனச்சா எனக்குச் சோறு எறங்கலக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது. கோபத்தில் அழுதிருக்கிறேன், அவள் முன்னால் இப்படி அழுததில்லை.

"எந்த ரூமு?"

"வேப்பமரம் தெரியுத ரூமு."

"அங்கன உன் வீட்டுக்காரரு பேப்பர்லா அடுக்கி வச்சிருப்பாரு?"

"அவரேதான் தூக்கிப் பரண்ல போட்டாரு. கட்டிலையும் அவருதான் இழுத்துப் போட்டாரு."

அக்கா பேசவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவள் அந்தச் சாமானை முந்தானையால் துடைத்து என் கையில் வைத்தாள்.

"என் குரல்தாம்ட்டி."

"நெசமாவா?"

"பின்ன? நீ வாரேன்னு சொல்லாமல்லா போன. நீ தெருமுனைக்குப் போறவரைக்கும் வாசல்ல நின்னு பாத்தேன். உள்ள வந்து, பொறவு சொன்னேன்."

"அப்பம் போன்ல ஏன் எப்பம் சொன்னேன்னு கேட்ட?"

"உங்கிட்ட எப்பம் சொன்னேன்? உன் பைகிட்டத்தான் சொன்னேன்."

அடுத்த வாரம் வேன் வைத்து அக்காவைக் கூட்டி வந்தோம். ஆட்டுரல் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று வேன்காரர் சண்டை போட்டார். அக்கா பதிலுக்குப் போட்ட சண்டையில் அதுவும் வந்து சேர்ந்தது. வேப்பமரத்து அறையில் இருக்கிறாள். காலையில் என் வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் பேப்பர் யார் முதலில் படிப்பது என்று தகராறு நடக்கிறது. எனக்குச் சோறு இறங்குகிறது.

போன வாரம் அடுக்களையில் அந்தச் சாமான் பாடிக்கொண்டிருந்தது. அக்கா கீழே உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குப் பதிலாக என் ஏச்சு வந்தது. நான் அடுப்பிலிருந்து கையெடுத்து நிறுத்த ஓடுவதற்குள் அது முடிந்து, "சரி, வாரேன்" என்றும் வந்துவிட்டது.

அக்கா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பாத்தியாட்டி, அவ்வளவு கோவத்துலயும் வாரேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்க."

கரண்டியோடு அப்படியே நின்றேன். "உன் குரலுன்னுலா சொன்ன?"

அக்கா ஒரு காம்பைக் கிள்ளி அந்தப் பக்கம் போட்டாள்.

"நான் எப்பம் சொன்னேன்?"