ரசச் சோற்றில் தொடங்கிய வைத்தியம்

மாவுக்கட்டுப் பிரித்ததும் தன் கையைப் பார்த்துப் பயப்படாத ஆள் கிடையாது. காதர் மாஸ்டரும் பயந்துபோய்த்தான் எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு வந்தார். பாலக்கரையில் பரோட்டா மாஸ்டர். காவிரிப் பாலத்தில் பைக் சறுக்கி வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் முன்கை சூம்பி, விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன.

“இந்தக் கை மறுபடி மாவு வீசுமா மேடம்? முதலாளி வேற ஆளைத் தேடுறாரு.”

“வீசும். நான் சொல்ற பயிற்சியை வீட்லயும் செய்யுங்க.”

நாட்கள் போயின, கை மட்டும் இளகவில்லை. ஒரு மத்தியானம் வராந்தாவில் அவர் மனைவி நூர்ஜஹான் சோறு பிசைந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். சட்டை மாட்டிவிடுவது, தலை சீவிவிடுவது எல்லாமே அவர்தானாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“ஏம்மா, எலும்பும் தசையும் சும்மா இருந்தா மெலிஞ்சுதான் போகும். தாங்குற அளவு பாரம் குடுத்தாத்தான் பலம் சேரும். நீங்க பண்றது கைக்கு இன்னொரு மாவுக்கட்டு!”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “கல்யாணம் ஆனதுலேர்ந்து மத்தியானம் கடையிலதான் இருப்பாரு மேடம். இப்பத்தான் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுறாரு.”

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“சரி, சேந்தே சாப்பிடுங்க. ஆனா இனிமே பிசையறது மாஸ்டர். ஊட்டுறதும் அவர்தான், உங்களுக்கு.”

“மருமகன் எடுத்த வயசுல ஊட்டிவிடுறதா மேடம்!” என்று நெளிந்தார் மாஸ்டர்.

“இது வைத்தியம்,” என்றேன் கறாராக.

முதலில் குழைந்த ரசச் சோறு. வலி மறுநாள் காலைக்குள் தணிகிறதா என்று கேட்டுக்கொண்டுதான் அடுத்த படி: சாம்பார் சோறு, கட்டித் தயிர்ச்சோறு, சப்பாத்தி மாவு. நடுவில் அவசரப்பட்டுப் பரோட்டா மாவையே அடித்துப் பார்த்து, வீங்கிய மணிக்கட்டோடு வந்து நின்றார். திட்டிவிட்டு, வீக்கம் வடிந்ததும் ரசச் சோற்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். கடைசியில் கை மாவு வீசியது. முதலாளியே போன் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்: பாரத்தை மெல்ல ஏற்றுங்கள், வீட்டிலிருப்பவருக்கும் அதில் ஒரு பங்கு வையுங்கள்.

சில நாள் கழித்து நூர்ஜஹான் தனியாக வந்தார். பதறிப்போனேன்.

“கை நல்லா இருக்கு மேடம். பயிற்சி இனிமே எதுக்குன்னு கேக்குறாரு. நீங்க கொஞ்சம் சொன்னீங்கன்னா...” முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

அங்கேயே மாஸ்டருக்குப் போன் போட்டேன். “வாரத்துல ஒரு மத்தியானமாவது வீட்டுக்குப் போய்ப் பிசைஞ்சு ஊட்டணும். ஆயுசுக்கும்.”

“அதான் தினம் மாவு அடிக்கிறேனே மேடம்?”

“அது வேற தசை, மாஸ்டர்,” என்றேன்.