பட்டன் போனில் ஒரு செங்கோண முக்கோணம்

கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த வருஷம், நான் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர். பாடத்தை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொன்னார்கள். வீட்டுச் சுவரில் சார்ட் ஒட்டி, என் கணவர் போனைப் பிடிக்க, முதல் பாடத்தை எடுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வகுப்பில் பாதிப் பேர்கூட அதைத் திறக்கவில்லை.

“வாரவங்களுக்கு நடத்துங்க டீச்சர். நாம வேற என்ன செய்ய முடியும்?” என்றார் தலைமையாசிரியர். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் அதோடு விட மனம் வரவில்லை.

வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக போன் போட்டேன். பல எண்கள் மாறிப்போயிருந்தன. பசுவந்தனைப் பக்கம் ஆடு மேய்க்கும் ஒருவர் எடுத்தார். அவர் மகள் என் வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை.

“வீட்டுல இது ஒண்ணுதான் டீச்சர். பட்டன் போன், படமெல்லாம் வராது. ஆட்டைப் பத்திட்டுப் போகும்போது நான் கையோட கொண்டு போயிருவேன்.”

“பிள்ளை என்ன செய்யுதா, அண்ணாச்சி?”

“பள்ளிக்கூடம்தான் இல்லைல்லா. அவளும் எங்கூடத்தான் வாரா.”

போனும் பிள்ளையும் ஓரிடத்தில் இருந்தால் எனக்குப் போதும். உச்சிப்பொழுதில் ஆடுகள் உடைமர நிழலில் படுத்துவிடும் என்றார். அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பட்டன் போன் மட்டுமே உள்ள இன்னும் மூன்று பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, நாலு பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்தேன்.

முதல் நாள் சொதப்பினேன். “இந்தக் கோட்டைப் பாருங்க” என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் ஆடி மாதக் காற்றின் இரைச்சல். ஆடு மேய்ப்பவரின் மகள்தான் கேட்டாள்:

“எந்தக் கோடு டீச்சர்?”

இத்தனை வருஷமும் பாதிப் பாடத்தை, கரும்பலகையில் தொட்டுக் காட்டும் என் கைதான் நடத்தியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அன்று சாயங்காலமே பாடத்தை வாக்கியம் வாக்கியமாக எழுதினேன். என் கணவரைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு நான் வாசிப்பேன், அவர் வரைவார். அவர் தப்பாக வரைந்தால் என் வாக்கியம் தப்பு. அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவேன். ஒரு வாரத்தில் அவரே, “இப்ப எனக்கே புரியுது” என்றார்.

அதற்கு மேல் இன்னொரு சிக்கல். பிள்ளைகள் வரைந்ததை நான் எப்படித் திருத்துவது? சரியாக வரைந்தால் மட்டுமே சரியான அளவு வருகிற கணக்குகளாகத் தேடினேன். “படுக்கையா ஆறு சென்டிமீட்டர் கோடு போடுங்க. வலது முனையில செங்குத்தா எட்டு சென்டிமீட்டர். இப்ப ரெண்டு நுனியையும் சேத்து, அந்தக் கோட்டை அளந்து சொல்லுங்க.”

மற்ற மூவரும் பத்து, பத்தரை என்றார்கள். ஆடு மேய்ப்பவரின் மகள் பக்கம் ஸ்கேல் கைமாறும் ஓசை கேட்டது. அப்புறம் அவள் அப்பாவின் குரல்.

“பத்துதான் டீச்சர். நானும் அளந்து பாத்துட்டேன். அவ சரியாத்தான் போட்டிருக்கா.” அதோடு விடாமல், “ஏன் டீச்சர், வேற அளவு வைச்சா என்ன வரும்?” என்றார்.

அதை மகளையே சொல்லச் சொன்னேன். இரண்டு கோடுகளின் வர்க்கத்தையும் கூட்டினால் மூன்றாவது கோட்டின் வர்க்கம் வரும் என்று, முன்பு நான் சொல்லியிருந்ததை வைத்துத் தட்டுத்தடுமாறி அவள் அவருக்குச் சொன்னதை மற்ற மூன்று பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று நான் நடத்த வேண்டிய பாடத்தை அவளே முடித்துவிட்டாள்.

அடுத்த வருஷம் பள்ளி திறந்தபோது நாலு பேரில் ஆடு மேய்ப்பவரின் மகளையும் சேர்த்து மூன்று பேர் வந்தார்கள். இன்னொருத்தி தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போகிறாள் என்றார்கள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை கதவு பூட்டியிருந்தது. இரண்டாம் தடவை அவள் அம்மா, “பழகிட்டா டீச்சர், இனி அங்கன வந்து என்ன படிக்கப் போறா?” என்றார். மூன்றாம் தடவை ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை வந்தாள். பெருக்கல்கூட மறந்திருந்தது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அவளை என் மேஜைக்குக் கூப்பிட்டு, இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து ஆரம்பித்தேன்.