கதவைச் சாத்திவிட்டு ஆடும் ஆட்டம்

டென்மார்க்கில் பட்மின்டன் ஆட வந்தால் முதல் வேலை கதவைச் சாத்துவது. பிறகு ஜன்னல். செவ்வாய்க்கிழமைகளில் என்னோடு ஆடும் தபால்காரர் ஹென்றிக், அதற்குப் பிறகும் ஹாலின் நடுவில் நின்று, விரலை எச்சில் தொட்டு உயர்த்திப் பார்ப்பார். துளிக் காற்றும் இல்லையென்றால்தான் அவருக்கு நிம்மதி. எனக்கு அங்கேதான் மூச்சு முட்டும்.

நான் ஆடப் பழகியது இலங்கையில், அப்புத்தளைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் அந்த மண்தரையில், மாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வலை கட்டுவோம். பெரகலச் சரிவிலிருந்து ஏறிவரும் காற்று யாருக்கும் ஒதுங்கிப் போகிற ரகமில்லை. ஆகவே ஷட்டிலைப் பெரகலப் பக்கமாக, கோட்டுக்கு ஒரு முழம் வெளியே அடிக்க வேண்டும். காற்று அதைப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்து இறக்கும். இந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். கணக்கப்பிள்ளை மகன் என்பதால் அப்படிச் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். கணக்கப்பிள்ளையே அப்படிச் சொன்னதில்லை.

எனக்கு எதிர்ப்பக்கம் ஆடியவன் செல்லமுத்து. தொழிலாளர்கள் குடியிருக்கும் கீழ் லயத்துப் பையன், என் வயதுதான். அவனுக்குக் காற்று கடைசிவரை பிடிபடவில்லை. நேராக அடிப்பான், ஷட்டில் தேயிலைக்குள் போகும், அவனே ஓடிப்போய் எடுத்து வருவான். பிற்காலத்தில் அவனுடைய கால்வேகத்தைப் பத்திரிகைகள் வியந்தபோதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. ஓடவைத்தவன் நானல்லவா?

கொழும்புக் கம்பெனி ஒன்று தன் அணிக்கு, வேலையும் கொடுத்து, எங்கள் ஊவா மாகாணத்திலிருந்து ஓர் ஆட்டக்காரனை எடுப்பதாகச் செய்தி வந்தது. தெரிவு செய்யும் பொறுப்பு பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியாருக்கு. மழைக்காகக் கதவுகளைச் சாத்திய ஒரு மண்டபத்துக்குள் எங்கள் இருவரையும் மோதவிட்டார். என் வாழ்நாளின் மிக அழகான ஆட்டம் அது. ஒவ்வோர் அடியும் கோட்டுக்குச் சரியாக ஒரு முழம் வெளியே விழுந்தது. நிறுத்த நினைத்தேன், கை கேட்கவில்லை. செல்லமுத்துவின் நேரடி அடிகள் அத்தனையும் உள்ளே. முடிந்ததும் ஹாஜியார் என்னைத் தனியே கூப்பிட்டு இரக்கத்தோடு கேட்டார்.

"தம்பிக்குக் கண்ணுல ஏதும் கோளாறா?"

அவன் கொழும்புக்குப் போனான். கோப்பைகள், விமானங்கள், பால்மா விளம்பரத்தில் டின்னைப் பிடித்தபடி ஒரு சிரிப்பு. நான் அந்தப் பால்மாவை வாங்குவதை நிறுத்தினேன். அவனுக்கு அது தெரியவில்லை. பண்டாரவளையில் குமாஸ்தாவாக இருந்து, கலவரத்தில் எல்லாம் போய், இங்கே வந்து மீன் வெட்டுகிறேன்.

போன வருடம் எங்கள் ஊர்க் கழகம் சம்பளம் கொடுத்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது. யாரென்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நான் ஊகிக்கவில்லை, கடவுளுக்கு இவ்வளவு ஓய்வு இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. அவரைத் தெரியுமா என்று ஹென்றிக் கேட்டார். அந்தக் காலத்தில் நான்தான் அவனைவிட நல்ல ஆட்டக்காரன் என்றேன். ஹென்றிக் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, உங்கள் நாட்டவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்று பாராட்டினார்.

கோடையில் கழகத்தார் கடற்கரைக்குப் போனோம். மணலில் கோடு கீறி, பிள்ளைகளுக்காகக் கட்டிய வலையில், கடற்காற்றுக்கு ஒருவராலும் ஆட முடியவில்லை. ஷட்டில் கண்டபடி பறந்தது. நான் மட்டையை எடுத்தேன். எதிரே வேடிக்கையாகச் செல்லமுத்து வந்து நின்றான். கடல்தான் பெரகல என்று என் உடம்பு அக்கணமே முடிவு செய்துகொண்டது. வெளியே அடித்தேன், காற்று உள்ளே கொண்டுவந்தது. அவன் நேராக அடித்தான். புல்மேட்டுக்கு ஓடினான், எடுத்தான், மறுபடி ஓடினான். நான் ஜெயித்தேன்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க வந்தான்.

"அப்பவும் நீதான்டா ஆட்டக்காரன். பதுளையில கதவ சாத்தாம இருந்திருந்தா, நான் இன்னமும் தேயிலக்குள்ளதான் ஷட்டில் தேடிக்கிட்டு இருப்பேன்."

"இத இவங்க பாஷையில சொல்லுடா."

சொன்னான், ஒரு சொல் விடாமல். எல்லோரும் கைதட்டினார்கள், அவனுக்கு. இவ்வளவு பெரிய மனிதருக்கு எவ்வளவு அடக்கம் என்று ஹென்றிக் உருகிப்போனார்.

நேற்றும் செவ்வாய்க்கிழமை. ஹென்றிக் கதவைச் சாத்தினார், விரலை உயர்த்தினார், திருப்தியாகத் தலையசைத்தார். நான் அடித்த முதல் ஷட்டில் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே போய் விழுந்தது. அவர் வழக்கம்போல் "தக்" என்று நன்றி சொல்லிப் புள்ளியைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். நான் வலைக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரட்டுக்களத்தில் அது உள்ளேதான் விழுந்திருக்கும்.