அயனம்பாக்கத்தில் இருபத்திரண்டு கரி ஓவியங்கள், நசரத்பேட்டையில் ஒன்று

இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர் சுற்றுகிறவன். அரக்கோணத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவனுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் கிடைக்கும். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய இடங்களைப் பற்றி மட்டுமே இதுவரை எழுதியிருக்கிறேன். இந்தப் பயணமும் அந்த வகைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் மூட்டை கட்ட வேண்டாம். கண்காட்சி முடிந்துவிட்டது. எதற்காக எழுதுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

என் மனைவி தேவகி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுடைய கைபேசிக்கு இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன். அதில் அவள் வளர்ந்த குவார்ட்டர்ஸ் தோழிகளின் வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை அதில் ஓர் அழைப்பிதழ் வந்தது. கலையரசி என்பவர் வரைந்த கரி ஓவியங்கள், அயனம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம், வெள்ளி முதல் ஞாயிறு வரை. எழுத்து மட்டும்தான், படம் எதுவும் இல்லை. கீழே ஒரு தோழி குரல் பதிவு போட்டிருந்தார்: "நம்ம காட்டுச் சிலைங்கள எல்லாம் வரைஞ்சு வெச்சுகீறா. நம்ம தேவகி கூட கீறா!"

காட்டுச் சிலைகள் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பட்டாபிராம் பக்கம் ஒரு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தது. வீடுகளுக்குப் பின்னால் மதில்சுவர் வரைக்கும் முள்ளுக்காடு. தொழிற்சாலையில் வார்ப்பு வேலை பார்த்த நாலைந்து பேர், ஷிப்ட் முடிந்த பிறகு பொழுதுபோக்காக அந்தக் காட்டுக்குள் சிமென்ட் சிலைகள் செய்து வைத்தார்கள். சைக்கிள் தள்ளும் ஆள், படுத்திருக்கும் எருமை, ரயிலுக்குக் காத்திருக்கும் மூன்று பெண்கள். யாரும் திட்டம் போடவில்லை, திறப்பு விழாவும் நடக்கவில்லை. சீமைக்கருவேலம் சுற்றி வளர்ந்து, சிலைகள் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றன. தேவகியின் அப்பா அந்த நாலைந்து பேரில் ஒருவர். பதினேழு வயதில் தேவகி கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து சிரிப்பதை அவர் சிலையாகச் செய்தார்.

என்னோடு வாழ்ந்த இருபத்தாறு வருடத்தில் தேவகி ஒரு முறைகூடக் கையால் வாயை மறைக்காமல் சிரித்ததில்லை. கை ஈரமாக இருந்தால் முந்தானை, இரண்டுமே முடியாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குக் கொஞ்சம் எத்துப்பல், அவ்வளவுதான். சிலையில் மட்டும் கை மடியில் இருக்கும், பல் தெரியச் சிரித்திருப்பேன் என்று சொல்வாள். "என் சிரிப்பப் பாக்கணும்னா நீங்க காட்டுக்குத்தான் வரணும்" என்பாள்.

அங்கே போக பாஸ் வாங்க வேண்டும். பாஸ் கொடுக்கும் அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். வேறு நாளில் கடையை யார் பார்ப்பது? இதைச் சொல்லியே வருடங்களை ஓட்டினேன். பாதுகாப்புப் பகுதி என்பதால் உள்ளே யாரும் புகைப்படம் எடுக்கக் கூடாது, அதனால் படமும் கிடையாது. பதினேழு வயதுத் தேவகி என்று வீட்டில் இருப்பது, வாயை இறுக்கி மூடிக்கொண்டு முறைக்கும் ஒரு ஹால் டிக்கெட் படம் மட்டும்தான். அவள் போன பிறகு, சென்ற வருடம், பழைய குவார்ட்டர்ஸை இடித்துக் காட்டையும் சமன் செய்துவிட்டார்கள். ஆக, அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஓவியம். வெள்ளிக்கிழமையே கடையைப் பூட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

ஞாயிறு காலை 8.10க்கு அரக்கோணத்தில் மின்சார ரயில். அம்பத்தூருக்குப் பதினைந்து ரூபாய், ஐம்பத்து நாலு கிலோமீட்டர். வழியில் பட்டாபிராமில் வண்டி இரண்டு நிமிடம் நின்றது. குவார்ட்டர்ஸ் இருந்த பக்கம் எட்டிப் பார்த்தேன். நீலத் தகரத் தடுப்பும் அதற்கு மேலே ஒரு கிரேனும் தெரிந்தன. இந்தத் தடத்தில் எத்தனையோ கோயிலுக்கும் கடற்கரைக்கும் போயிருக்கிறேன், எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறேன். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

அம்பத்தூரில் 9.25க்கு இறங்கினேன். அயனம்பாக்கம் ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றெண்பது. பேரம் பேச மனமில்லை. ஓட்டுநருக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது.

"அயனம்பாக்கம் ஏரியாண்ட இன்னா சார் கீது? வாக்கிங்கா?"

"ஓவியக் கண்காட்சி."

"துட்டு குட்த்து பாக்கணுமா?"

"இலவசம்தான்."

"அப்டின்னா நானும் ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன். ஞாயித்துக்கெளம சவாரி எங்க ஓடிப் போவப்போது?"

சொன்னபடியே உள்ளே வந்தார். எருமை ஓவியத்தின் முன்னால் நின்று, "இது எங்க ஊட்டாண்ட திரியறது மாரியே கீது சார், இன்னாமா மொறைக்குது பாரு" என்றார். அன்று முழுக்க நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கூடம் சின்னது. கேரம் போர்டையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் ஒரு மூலையில் ஒதுக்கியிருந்தார்கள். நுழைந்ததும் ஒரு பலகை: 'படம் எடுக்காதீர்கள்'. கலையரசிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம், நகக்கண்ணெல்லாம் கரி. அவரும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அந்தக் காட்டுக் கருவேலங்குச்சிகளையே தகர டப்பாவில் அடைத்து, மூடி போட்டு அடுப்பில் வாட்டிக் கரி எடுத்து, காடு போவதற்கு முன்பே சிலைகளுக்கு எதிரில் உட்கார்ந்து அதாலேயே வரைந்திருக்கிறார். முதலில் தாள் முழுக்கக் கரியைத் தேய்த்துவிட்டு, ரொட்டியின் உள்பகுதியை உருட்டி ஒற்றி ஒற்றி வெளிச்சத்தை எடுப்பாராம். முகமெல்லாம் அப்படி வந்ததுதான்.

ஓவியங்கள் நன்றாக இருந்தன. என்னைப் போன்ற கரடுமுரடான ஆளுக்கே தெரிந்தது. சைக்கிள்காரனின் தோளை முட்கிளை ஒன்று பிடித்து இழுப்பது போல இருந்தது. காத்திருக்கும் மூன்று பெண்களில் ஒருத்தியின் தலைக்குள்ளிருந்தே செடி முளைத்திருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன், வேகமாகப் போகப் பயமாக இருந்தது. பதினான்காம் எண்ணுக்கு நேரே ஆணி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே 'விற்பனையானது' என்று ஒரு துண்டுச் சீட்டு.

"அது எந்தச் சிலை?" என்று கேட்டேன்.

"வாளி மேல ஒரு பொண்ணு சிரிச்சுகினு உக்காந்திருக்கும் சார்."

நான் யார் என்று சொன்னேன். கலையரசி நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

"தேவகி அக்கா வீட்டுக்காரரா? ஐயோ. வெள்ளிக்கிழம சாயந்தரமே போயிட்ச்சு சார். மொத மொத வித்ததே அதான். ஞாயித்துக்கிழம கிரகப்பிரவேசம், ஹால்ல மாட்டணும்னு கேட்டாங்க. சந்தோஷத்துல குட்த்துட்டேன்."

"போட்டோ எடுத்து வைத்திருப்பீர்களே?"

"இல்ல சார். அங்க எடுக்க உட்டதே இல்ல, அத்தோட பழக்கம். படம் எடுத்துட்டா யாரும் நின்னு பாக்க மாட்டாங்கன்னு நானும் எதையும் எடுக்கல."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பலகையைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. இருபத்தாறு வருடம் சும்மா இருந்தவன் இவரிடம் போய் என்ன சண்டை போடுவது? அவரே வாங்கியவர்களுக்குப் போன் போட்டார். நசரத்பேட்டையில் ஒரு புதுக் குடியிருப்பு, தாராளமாக வரச் சொல்லுங்கள் என்றார்கள்.

அயனம்பாக்கத்திலிருந்து வேலப்பன்சாவடிக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். அங்கிருந்து நசரத்பேட்டைக்குப் பேருந்து, பதினைந்து ரூபாய். மெட்ரோ தூண்களுக்குக் கீழே போக்குவரத்து ஊர்ந்ததில் எட்டு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆனது. அந்த ஐம்பது நிமிடமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். போய்ப் பார்க்கிறோம், அவ்வளவுதானே என்று இருந்தது. விலைக்குக் கேட்பதா, பார்த்துவிட்டு வந்தால் போதுமா என்று எனக்குள்ளேயே பேசிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது மாடி. வாசலில் வாழை மரம், மாவிலைத் தோரணம். பிரபு என்ற இளைஞர் ஓடி வந்து வரவேற்றார். தேனிப் பக்கத்துக்காரர், ஐடி கம்பெனி வேலை. மனைவி பெயர் நித்யா. காலையிலேயே விசேஷம் முடிந்து, உறவினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார். மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் படம் பாக்கலாம்."

"இல்லை, பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறேன்" என்றேன்.

கூடத்தில் டிவிக்கு மேலே மாட்டியிருந்தார்கள். முதலில் தெரிந்தது ஒரு பளபளப்பு. ட்யூப் லைட்டின் வெள்ளைக் கோடு குறுக்கே விழுந்திருந்தது. அருகில் போனேன். வாளி இருந்தது. ஒற்றைச் சடை இருந்தது. மடியில் கை இருந்தது, அவள் சொன்னது போலவே. முகம் இருந்த இடத்தில் தலைமுடியின் கருப்பெல்லாம் கீழே இழுபட்டு, கண்ணிலிருந்து தாடை வரைக்கும் ஒரே சாம்பல் இழுவை. அதற்கு மேலே பிளாஸ்டிக்.

"வரைஞ்ச மேடம் கண்ணாடி போட்டு ஃப்ரேம் பண்ணத்தான் சொன்னாங்க சார்" என்றார் பிரபு. "பூந்தமல்லியில கடைக்காரரு நாலு நாளாகும்னுட்டாரு. விசேஷம் இன்னைக்கு. சரி, தூசி படாம இருக்கட்டும்னு லேமினேஷன் போட்டுட்டோம். அஞ்சே நிமிஷம்தான். இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது சார்."

"மெஷின்ல முகம் கொஞ்சம் இழுத்துக்கிருச்சு. மாடர்ன் ஆர்ட் மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் நித்யா. "புது வீட்டுக்குச் சிரிச்ச முகமா ஒண்ணு இருக்கட்டும்னுதான் சார் வாங்குனோம்."

இவர்களை என்ன சொல்வது? நம் ஆட்கள் ஒரு பொருள் முக்கியம் என்று நினைத்துவிட்டால் முதலில் போவது லேமினேஷன் கடைக்குத்தான். தேவகியின் இறப்புச் சான்றிதழையே நான் லேமினேட் செய்துதான் வைத்திருக்கிறேன். சூடான உருளைக்குள் பொடிக்கரி போனால் என்ன ஆகும் என்று எனக்கு மட்டும் தெரிந்திருக்குமா? நானாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன்.

"சிரிப்பு எப்படி இருந்தது? பல் தெரிந்ததா?" என்று கேட்டேன்.

நித்யா யோசித்தார். "நல்லா சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு சார். பல்லு... கவனிக்கலையே. ஏன் சார், தெரிஞ்சவங்களா?"

"எங்கள் ஊர்ப்பக்கம் பார்த்த சிலை" என்று சொல்லிவிட்டேன். கிரகப்பிரவேச வீட்டில் வேறு என்ன சொல்ல முடியும்? இலை போட்டார்கள். பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறதா என்று நித்யா கேட்டது பாயசத்தையா படத்தையா என்று விளங்கவில்லை, நன்றாக இருக்கிறது என்றேன்.

கீழே வந்து கலையரசிக்குப் போன் செய்தேன். முகம் அழிந்துபோனதைச் சொன்னேன். அக்காவின் படம் ஒன்று அனுப்பினால் மறுபடி வரைந்து தருகிறேன் என்றார். என்னிடம் இருக்கும் எல்லாப் படங்களிலும் ஒன்று வாயில் கை இருக்கும், இல்லை வாய் மூடியிருக்கும்.

"சிலையின் வாய் ஞாபகம் இருக்கிறதா?"

"கண்ணு ஞாபகம் கீது சார். வாய நானா எதுனா வரைஞ்சு குட்த்தா அது பொய்யாயிடும். அக்காவுக்குப் பொய்யா வரையக் கூடாது சார்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் பேருந்து, பிறகு 4.10 ரயில். இந்த முறை பட்டாபிராம் வந்தபோது நான் வெளியே பார்க்கவில்லை.

வழக்கமாகக் கடைசியில் யோசனைகள் சொல்வேன். இந்த முறையும் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரிலிருந்து அயனம்பாக்கத்துக்கு ஆட்டோ கட்டணத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள், நூற்றைம்பதுக்கு வருவார்கள். ஞாயிறு மதியம் பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தவிருங்கள். கண்காட்சி மூன்று நாள் என்றால் முதல் நாளே போங்கள். கரி ஓவியம் வாங்கினால், படத்தில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுக் கண்ணாடிச் சட்டம் போடச் சொல்லுங்கள், நாலு நாள் ஆனாலும் பரவாயில்லை. பாஸ் வாங்க ஒரு நாள் கடையை மூட வேண்டும் என்றால் மூடுங்கள். ஊரில் வேறு மருந்துக் கடைகளும் இருக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. தேவகியிடம் இருபத்தாறு வருடத்தில் சொல்லியிருக்க வேண்டியது, உங்களிடம் சொல்கிறேன். பெண் பார்க்கப் போன அன்று நான் கூச்சத்தில் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா ஏதோ வேடிக்கையாகச் சொன்னார், ஒரு பெண் கலகலவென்று சிரிக்கும் சத்தம் கேட்டது. உடனே என் அம்மா, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, சிரிக்காம இருந்தா போதும்" என்றாள். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவள் வாயில் கை இருந்தது.